ஒன்பது நாள் ஊசி

அந்த ஓரத்துல உக்காராதீங்க தம்பி. மேல பாருங்க, ஏசி தண்ணி சொட்டுது. காலையிலேர்ந்து மூணு பேரு முதுகை நனைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இப்படி வாங்க. பையைக் கீழ வைக்காதீங்க, செக்யூரிட்டி சத்தம் போடுவான். மடியில வச்சுக்குங்க.

யாரு உள்ள? மச்சானா? பைக்குல விழுந்துட்டாரா? அடப்பாவமே. பயப்படாதீங்க, டாக்டர் வெளிய வந்து பேரைக் கூப்பிடுவாங்க. உள்ள இருக்கவங்க பேரைத்தான் கூப்பிடுவாங்க, நம்ம பேரை இல்லை. நான் இந்த பெஞ்சுல இருபத்தாறு நாளா உக்காந்திருக்கேன். என் பேரு தனபால்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியாது. 'மங்கையர்க்கரசி அட்டெண்டர்'. அதான் என் பேரு இங்க. துறையூர்ல வந்து கேட்டுப் பாருங்க. பஸ் ஸ்டாண்டுல இறங்கி கம்பவுண்டர் வீடுன்னு சொன்னா போதும், ஆட்டோக்காரன் மறு பேச்சு பேசாம கொண்டாந்து விடுவான்.

முப்பத்தொரு வருஷம் தம்பி, டாக்டர் நடேசன்கிட்ட. அவரு பார்ப்பாரு, சீட்டு எழுதுவாரு. ஊசி நான். கைக்குழந்தை கூட என்கிட்ட அழாது. ஊசி போட்டு பஞ்சை வச்ச பிறகுதான் 'போட்டாச்சா?'ன்னு கேப்பாங்க. டாக்டரே சொல்லுவாரு, 'தனபாலு, மருந்து பாதி, உன் கைராசி பாதி'ன்னு. அவரு தவறினதும் கிளினிக்கை மூடிட்டாங்க. ஜனங்க விடலை. வீட்டுக்கே வர ஆரம்பிச்சுட்டாங்க. நான் டாக்டர்னு போர்டு மாட்டலை. அந்த மாதிரி தப்பெல்லாம் என்கிட்ட கிடையாது. வாசல்ல ஒரு பெஞ்சு போட்டேன், அவ்வளவுதான்.

உள்ள இருக்குற மங்கையர்க்கரசி, மங்கை, என் பொண்ணு. ஒரே பொண்ணு. அவ அம்மா போயி ஒன்பது வருஷமாச்சு. மங்கை கவர்ன்மென்ட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். போன வருஷம் தலைவலின்னு சொன்னா. டீச்சர் வேலையில தலைவலி வராம என்ன வரும்? மாத்திரை குடுத்தேன். கேட்டுச்சு, திரும்ப வந்துச்சு. வேற குடுத்தேன். ஆறு மாசம் இப்படியே ஓடுச்சு. ஒரு நாள், 'அப்பா, போர்டுல நான் எழுதுற நம்பரே எனக்கு ரெண்டு ரெண்டா தெரியுது'ன்னா. மாப்பிள்ளை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. மாப்பிள்ளை பேரு சத்தியசீலன், ஈபியில லைன்மேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. தலைக்குள்ள கட்டி. நெல்லிக்காய் அளவு. நல்லவேளை, புத்துநோய் இல்லை, சாதாக் கட்டி. இங்கதான் எடுத்தாங்க. அஞ்சு மணி நேரம். ஆபரேஷன் ரொம்ப நல்லா முடிஞ்சுச்சு தம்பி, நான் அதுல குறை சொல்ல மாட்டேன். மறுநாளே என்னைப் பார்த்து, 'மொட்டை நல்லாருக்கா'ன்னு கேட்டா. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

வீட்டுக்குன்னா என் வீட்டுக்கு. பொண்ணு உடம்பு சரியில்லைன்னா அப்பன் வீடுதானே. மாப்பிள்ளை காலையில வேலைக்குப் போயி சாயந்திரம் வந்து பார்த்துட்டுப் போவாரு. நான் ரசம் வச்சேன், இட்லி ஊத்தினேன், மாத்திரையை வேளாவேளைக்குக் குடுத்தேன். தையல் பிரிச்சுட்டு வந்தோம். காயம் பளிச்சுன்னு காஞ்சிருந்துச்சு. தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு.

அப்புறம் லேசா ஒரு ஜுரம் வந்துச்சு. லேசாத்தான். நூறு. ரெண்டு நாள் ரெஸ்ட்ல இருந்தா, தானா சரியாயிருச்சு.

என்ன பார்க்குறீங்க? தானாத்தான். கொஞ்சம் நானும் பார்த்துக்கிட்டேன். ஜுரம் வந்தா சும்மாவா இருப்பாங்க, அதுவும் நான் இருக்குற வீட்டுல? ரெண்டு ஊசி போட்டேன். ரெண்டுன்னா, ஒரு நாளைக்கு ரெண்டு. ஒன்பது நாள்.

அது பெரிய விஷயமே இல்லை. இத்தனை வருஷமா எல்லாருக்கும் போடுறதுதான். ஒரு ஆன்டிபயாடிக், கூட கொஞ்சம் டெக்ஸா, அந்த ஸ்டீராய்டு மருந்து. டெக்ஸா போட்டா எப்பேர்ப்பட்ட ஜுரமும் கிடுகிடுன்னு இறங்கிடும். எங்க தெருவுல கேளுங்க, காலையில போர்வையோட வருவாங்க, சாயந்திரம் மார்க்கெட்டுல நிப்பாங்க. மங்கைக்கும் மறுநாளே இறங்கிடுச்சு. ரெண்டு இட்லி கூட கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

அவதான் முதல்ல வேண்டாம்னா. 'அப்பா, ஜுரம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொல்லி டிஸ்சார்ஜ் பேப்பர்ல எழுதியிருக்குப்பா'ன்னா. எழுதத்தான் எழுதுவாங்க. எல்லாருக்கும் ஒரே பேப்பர்தானே அடிச்சுக் குடுக்குறாங்க? வீட்டுல வைத்தியம் தெரிஞ்ச ஆள் இல்லாதவங்களுக்கு எழுதினது அது. ஒரு நூறு ஜுரத்துக்கு ஆம்புலன்ஸ் வச்சு இங்க திருச்சிக்கு ஓடியாந்தா, துறையூர்ல நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? நான் இதைச் சொன்னதும் அவ சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினா. சிரிச்சுக்கிட்டேதான் காட்டினா. 'அவருக்கு மட்டும் சொல்லாதீங்க'ன்னா.

அவருன்னா மாப்பிள்ளை. அவருக்கும் எனக்கும் இந்த விஷயத்துல ஆகாது. கல்யாணமான புதுசுல, பந்தியில உக்காந்துக்கிட்டு, நாலு பேரு முன்னாடி, 'ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன், மாமா எத்தனையில நிக்கிறாரு?'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பாயசம் இறங்கலை. அதனால அவரு டியூட்டிக்குப் போனப்புறம் ஒரு ஊசி, சாயந்திரம் அவரு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஊசி. அப்பனும் மகளும் சேர்ந்து பேசி வச்சுக்கிட்டதுதான் இது. வேற யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள் நிறுத்தினேன். பத்தாம் நாள் காலையில கழுத்தைத் திருப்ப முடியலைன்னா. வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு ஜன்னலைச் சாத்தச் சொன்னா. நான் காபி ஆத்திக்கிட்டு இருக்கேன், உள்ள கட்டில் தடதடன்னு ஆடுது. ஓடிப் பார்த்தா வலிப்பு. எத்தனை வலிப்பு பார்த்திருப்பேன் நான்! ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது, எல்லாம் தெரியும். அன்னைக்கு ஒண்ணும் தெரியலை தம்பி. 'மங்கை, மங்கை'ன்னு கத்திக்கிட்டு அவ காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்து வீட்டுக்காரம்மாதான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுச்சு.

அதுலேர்ந்து இங்க.

ஆபரேஷன் பண்ண இடத்துல சீழ் கோத்திருக்காம். மூளைக்காய்ச்சலும் சேர்ந்துருச்சாம். இது கட்டி எடுத்தவங்கள்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்றதுதான், யாரு மேலயும் தப்பில்லைன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. சீக்கிரம் தெரிஞ்சா சமாளிச்சுடலாம்னாரு. என்ன கிருமின்னு கண்டுபிடிச்சாத்தான் அதுக்கு ஏத்த மருந்து போட முடியும். முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாங்க. அதைத் தட்டுல வச்சு வளர்த்துப் பார்ப்பாங்களாம். வளரலை. ரெண்டாவது தடவை எடுத்தாங்க. வளரலை. மூணாவது தடவையும் வளரலை. நான் கேட்டேன், 'ஏம்மா, இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு கிருமியை வளர்க்கத் தெரியலையா?'ன்னு. கேட்டேன் தம்பி, பயப்படலை.

அந்த டாக்டரம்மா பேரு ரெஹானா. சின்ன வயசு, நம்ம மங்கையை விடச் சின்னவ. என்னை உக்கார வச்சுச் சொன்னாங்க. முன்னாடியே ஏதாவது ஆன்டிபயாடிக் உள்ள போயிருந்தா இப்படித்தான் ஆகுமாம். கிருமி பாதி செத்து, பாதி உயிரோட ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், தட்டுல வளராது, ஆனா தலைக்குள்ள வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கும்னாங்க. சொல்லிட்டு என்னைப் பார்த்து, 'வெளியில எங்கயாச்சும் ஊசி கீசி போட்டீங்களாய்யா?'ன்னாங்க.

கீசி! முப்பத்தொரு வருஷ வேலை தம்பி. கீசின்னா என்ன அர்த்தம்? எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. அதோட அன்னைக்குக் காலையிலதான் மணப்பாறைக்காரர் ஒருத்தர், பையனுக்கு நாட்டு மருந்து குடுத்தேன்னு ஒத்துக்கிட்டாரு. இந்த வராண்டாவுல நிக்க வச்சு, அத்தனை பேரு முன்னாடி, பெரிய டாக்டர் அந்த மனுஷனைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாரு. பக்கத்துல வேற மாப்பிள்ளை நிக்கிறாரு. 'இல்லைங்க'ன்னுட்டேன். யோசிச்சுப் பார்த்தா அது பொய்யும் இல்லை. வெளியிலதானே கேட்டாங்க? நான் வெளி ஆளா?

ரெண்டாவது தடவை மங்கைகிட்டயே கேட்டாங்க. அப்போ அவளுக்கு நினைவு இருந்துச்சு. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனா எல்லாம் புரியும். நான் கட்டில் கால்மாட்டுல நிக்கிறேன். டாக்டரம்மா குனிஞ்சு, 'வீட்டுல ஊசி ஏதாவது போட்டாங்களாம்மா?'ன்னு கேட்டாங்க. வீட்டுலன்னே கேட்டாங்க. மங்கை என்னைப் பார்த்தா. எவ்வளவு நேரம் பார்த்தான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. அப்புறம் டாக்டரம்மா பக்கம் திரும்பி, 'இல்லை'ன்னு தலையாட்டினா.

என் பொண்ணு தம்பி. அந்த நிலைமையிலயும் அப்பனை விட்டுக்குடுக்கலை. எனக்கு நெஞ்செல்லாம் நிறைஞ்சு போச்சு. வெளிய வந்து இந்த பெஞ்சுல உக்காந்து அழுதேன். சந்தோஷத்துலதான் அழுதேன்னு நினைச்சேன்.

இப்போ அவ பேசுறது இல்லை. பதினோரு நாளாச்சு. மறுபடி தலையைத் திறந்து சீழை எடுத்தாங்க. கூப்பிட்டா கண்ணு மட்டும் லேசா அசையும், அதுவும் சில நேரம்தான். விசிட்டிங் டைமுல அஞ்சு நிமிஷம் விடுவாங்க. அன்னைக்கு ஒரு நர்ஸ் பொண்ணு நரம்பு தேடிக்கிட்டு இருக்கு. குத்துது, கிடைக்கலை. எடுக்குது, வேற இடத்துல குத்துது. நாலு தடவை. எனக்குத் தெரியும் தம்பி. மங்கைக்கு இடது கையில, மணிக்கட்டுக்கு மேல, கொஞ்சம் வெளிப்பக்கமா ஒரு நரம்பு ஓடும். கண்ணுக்குத் தெரியாது, விரலை வச்சாத்தான் தெரியும். மூணு வயசுல டைபாய்டு வந்தப்போ கண்டுபிடிச்சது. 'நான் காட்டட்டுமாம்மா?'ன்னு கேட்டேன். 'அட்டெண்டர் எல்லாம் வெளிய போங்க'ன்னுடுச்சு. வெளிய வந்துட்டேன். இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுறதுன்னு தெரியலை. பாக்கெட்டுல விட்டுக்கிட்டு நின்னேன்.

டீ வேணுமா? அந்தப் பக்கம் மெஷின் இருக்கு, குடிக்காதீங்க, வெந்நீர்தான்.

கடைசியா அந்தச் சீழ்லேர்ந்து கிருமி வளர்ந்துச்சு. கொஞ்சூண்டு. நீளமா ஒரு பேரு சொன்னாங்க, எனக்கு வாயில நுழையலை. இது மூளைக்குள்ள வர்ற கிருமியே இல்லையாம். பெரிய டாக்டர் தன் சர்வீஸ்லயே ரெண்டு பேருக்குத்தான் பார்த்திருக்காராம். எந்த மருந்துக்கு அடங்கும்னு சோதிக்கிறதுக்குள்ள அது தட்டுலயே செத்துப்போச்சு. மறுபடி வளர்த்துப் பார்க்க வேற ஊரு லேபுக்கு அனுப்பியிருக்காங்க. அஞ்சு நாள் ஆகும். 'அஞ்சு நாள் காத்திருக்க முடியாதுய்யா'ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. காலையில சொன்னாங்க, மாப்பிள்ளை இல்லாத நேரம்.

இங்க இதுவரைக்கும் போட்ட ரெண்டு வகை மருந்துக்கும் அது அசையலை. இன்னும் ரெண்டு பாக்கி. ஒண்ணு பழைய வகை, உடம்பைத் தொந்தரவு பண்ணாது. இன்னொண்ணு கடுமையானது, கிட்னியை அடிக்கும், மங்கைக்கு ஏற்கெனவே கிட்னி தளர்ந்திருக்கு. 'சாதுவான மருந்தையே ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். ஆனா அந்த வகையை இந்தக் கிருமி முன்னாடியே பார்த்துப் பழகியிருந்தா, அது வேலை செய்யாது. நாலு நாள் வீணாப் போயிரும். அந்த நாலு நாள் அவங்ககிட்ட இல்லை. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன்'னாங்க. இந்தத் தடவை கீசி எல்லாம் சொல்லலை. கையெடுத்துக் கும்பிடுற மாதிரிதான் கேட்டாங்க. 'நாங்க யாரையும் திட்ட மாட்டோம்யா, தெரிஞ்சா போதும்'னாங்க.

அந்த மருந்து பேரைச் சொன்னாங்க தம்பி.

அதேதான். ஒன்பது நாள். பதினெட்டு ஊசி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இல்லைங்கம்மா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை'ன்னேன். நாக்கு தானா சொல்லிருச்சு. ரெண்டு தடவை சொன்ன பொய், மூணாவது தடவை யாரையும் கேக்காது போல. அவங்க போயிட்டாங்க. பின்னாடியே எந்திரிச்சுப் போனேன். அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட நின்னேன். திரும்பிப் பார்த்து, 'என்னய்யா?'ன்னாங்க. 'கேண்டீன் எத்தனை மணி வரைக்கும்மா இருக்கும்?'னு கேட்டேன். மூணு மணி வரைக்கும்னு பொறுமையா பதில் சொன்னாங்க. நான் காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி கூட குடிக்கலை.

இப்போ நான் சொன்னேன்னு வைங்க, 'இருபத்தாறு நாளா ஏன்யா சொல்லலை?'ன்னு கேப்பாங்கல்ல? மாப்பிள்ளைக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும். அவ வாத்தியார் கூட்டத்துக்குத் தெரியும். என் பொண்ணு எனக்காகத்தானே தலையாட்டினா? நான் இப்போ சொன்னா அவ பொய் சொன்னதாத்தானே ஆகும்? அவ மானத்தையும் பார்க்கணும்ல? நியாயமா சொல்லுங்க. நான் என் பேருக்காகச் சொல்லலை.

மணி என்ன தம்பி? மூணு இருபதா? நாலு மணிக்கு அந்த மருந்தை ஏத்த ஆரம்பிச்சுடுவாங்க.

இந்தாங்க. இந்தச் சீட்டைப் பாருங்க. மருந்து பேரு, எத்தனை மில்லி, காலை ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு, எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும். டெக்ஸாவும் தனியா எழுதியிருக்கேன். மேல மங்கை பேரு, பெட் நம்பர். எழுத்து தெளிவா இருக்கா? கேண்டீன்ல உக்காந்து எழுதினேன். கையெழுத்து போடலை.

உங்க மச்சான் பேரைக் கூப்பிடுவாங்கல்ல, உள்ள போவீங்கல்ல, அப்போ டாக்டர் ரெஹானா கையில இதைக் குடுத்துடுங்க. பெஞ்சுக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லுங்க. இல்லைன்னா யாரோ ஒருத்தர் குடுத்துட்டு பஸ் ஏறிப் போயிட்டாருன்னு சொல்லுங்க. எப்படியோ சொல்லுங்க. உங்களுக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்லை.

என்ன? நம்ப மாட்டாங்களா? ஏன் நம்ப மாட்டாங்க, தேதியோட எழுதியிருக்கேன். கீழ கிடந்த சீட்டைப் பார்த்துட்டு யாரும் மருந்தை மாத்த மாட்டாங்களா... ஆமா. அதுவும் சரிதான். நான் கூட மாத்த மாட்டேன்.

ஏன் எந்திரிக்கிறீங்க? உங்க மச்சான் பேரை இன்னும் கூப்பிடலையே. உக்காருங்க தம்பி, நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. அந்தக் கதவைத் தட்டக் கூடாது, செக்யூரிட்டி... தம்பி, ஏங்க, நில்லுங்க. மெதுவா. அவங்களைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, நாலு பேரு முன்னாடி வேண்டாம். பேரைச் சொல்லிடாதீங்க.

இல்லை, சொல்லுங்க. யாரு போட்டதுன்னு கேட்டா, அவ அப்பன்தான் போட்டான்னு சொல்லுங்க. இங்கதான் உக்காந்திருக்கான்னு சொல்லுங்க.